வடக்கு ஜன்னல் வேலாயுதமும் நாலு ஓட்டையும்

வேலாயுதத்துக்கு எதைப் பார்த்தாலும் தரம் பிரிக்கிற வியாதி இருந்தது. பித்தப்பையில் கல் வந்தது பிற்பாடுதான். முதல் வியாதி அதைவிட இருபது வருஷம் மூத்தது, அதற்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது.

ஆம்பூரில் அப்துல் வஹாப் நடத்திய தோல் ஷாப்பில் அவர் செலக்ஷன் மேசைக்காரர். தோல் ஷாப் என்றதும் வெளியூர்க்காரர்கள் பையும் பெல்ட்டும் விற்கிற கடை என்று நினைத்துக்கொள்வார்கள். தோலைப் பதனிடுகிற இடத்துக்குத்தான் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர். பதினாறு வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவர், தொட்டியிலிருந்து தோலைப் போட்டுச் சுழற்றுகிற ட்ரம்முக்கும், ட்ரம்மிலிருந்து காயப்போடுகிற கொட்டகைக்கும் ஏறி, முப்பதாவது வயதில் வடக்கு ஜன்னலுக்குக் கீழே இருந்த சாய்வு மேசைக்கு வந்து சேர்ந்தார். வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மாதிரி வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஆட்டுத்தோலை விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவை தடவி, திருப்பிப் போட்டு இன்னொரு தடவை தடவி, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று நாலு குவியலில் ஒன்றில் எறிவார். பத்து எண்ணுவதற்குள் ஒரு தோலுக்குத் தீர்ப்பு முடிந்துவிடும். ஆடு எந்த வேலியில் உரசியது, எங்கே உண்ணி கடித்தது, உரித்தவன் எந்த இடத்தில் யாரோடோ பேச்சுக் கொடுத்துக்கொண்டே கத்தியை விட்டான் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரியும்.

ஷாப்பில் செய்கிற வேலையை ஷாப்பிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் தொல்லையில்லை. கல்யாண வீட்டுப் பிரியாணி, பஸ் ஓட்டுகிறவரின் கை, அரசியல் மேடைப் பேச்சு, பக்கத்து வீட்டு மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கிரேடு இருந்தது. ஊரும் அதைக் கேட்டு ரசித்தது. மேசைக்கு வந்த புதிதில் ஒரு நாள் சந்தோஷ மிகுதியில் மனைவி சம்பூர்ணத்தைப் பார்த்து, "நீ நல்ல செகண்டு" என்று சொல்லிவிட்டார். செலக்ஷன்காரன் வாயில் அது பெரிய பாராட்டு. நூறு தோலில் எட்டுகூட ஃபர்ஸ்ட் தேறாது. சம்பூர்ணத்துக்கு அந்த விவரம் தெரியாது. தெரிந்த பிறகும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் வீட்டில் உப்பில்லாத குழம்பு. குழம்பில் உப்பு திரும்பி வந்தது, மனசு மட்டும் முழுசாகத் திரும்பவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் செப்டம்பரில் வாணியம்பாடியில் ஒரு கல்யாணம். மதியப் பிரியாணிக்கு, "ஃபர்ஸ்ட்தான், ஆனா ஏலக்காய் ஒரு புடி ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்தவர், கை கழுவுகிற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வலது விலா எலும்புக்குக் கீழே யாரோ முறுக்கிப் பிழிகிற மாதிரி வலி. வலி முதுகுக்குப் போய், தோள்பட்டையில் ஏறி, திரும்ப வயிற்றுக்கே வந்தது. மூன்றாவது நாள் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பித்தப்பை நிறையக் கல்.

ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே ஓர் அரசு ஆஸ்பத்திரி. பேர் வேண்டாம், அங்கே இருந்தவர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள். அந்த வருஷம்தான் அங்கே லேப்ராஸ்கோப் வந்து இறங்கியிருந்தது. வயிற்றை நீளமாகக் கிழிக்காமல், நாலு சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, மற்றவற்றில் நீளக் கம்பிகளை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுத்துவிடுகிற மிஷின். உள்ளே கொண்டுபோன டிவியைப் பார்த்த வார்டு ஆட்கள், மேட்ச் அன்றைக்கு அதில் கிரிக்கெட் வருமா என்று டாக்டர் கோதண்டராமனிடமே கேட்டார்கள். அவர் சென்னையில் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்த மனிதர். மெல்லிய குரல், கோபமே வராது. "வராதுப்பா, இதுல ஒரே சேனல்தான்" என்று பொறுமையாகப் பதில் சொன்னார்.

போதாக்குறைக்குப் பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. அமெரிக்காவில் உட்கார்ந்திருந்த டாக்டர், பிரான்ஸில் படுத்திருந்த ஒரு பெண்ணின் பித்தப்பையை ரோபோவை வைத்து எடுத்துவிட்டாராம். செய்தி டீக்கடை டீக்கடையாக இறங்கி வந்து சேர்வதற்குள், நம் அரசு ஆஸ்பத்திரியில் ரோபோ வந்துவிட்டது, டாக்டர் சென்னையிலேயே உட்கார்ந்துகொண்டு இங்கே ஆபரேஷன் செய்வார் என்று ஆகிவிட்டது. "லைன் கட்டாச்சுன்னா பாதியில நிக்குமா?" என்று ஜனங்கள் ஓ.பி. வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

அந்த வரிசையில்தான் ஸ்கேன் கவரோடு வேலாயுதமும் நின்றார். தியேட்டர் நர்ஸ் ஜெபகனி, மனித உடம்பு வரைந்த அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டி விளக்கினார். தொப்புளில் ஒன்று, நெஞ்சுக் குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு. ரோபோ எல்லாம் இல்லை, டாக்டர் பக்கத்திலேயே நிற்பார் என்றும் சொன்னார்.

வேலாயுதம் அட்டையை வாங்கினார். தோலைப் பார்ப்பது போலவே தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வரிசை முழுக்க அவர் வாயைப் பார்த்தது. வரிசையில் பாதிப் பேர் ஷாப் ஆட்கள்.

"சிஸ்டர், நான் சொல்றேன்னு கோச்சுக்காதீங்க. ஓரத்துல ஒரே நீளமா கத்தி பட்ட தோலுன்னு வைங்க, அந்த ஓரத்தை வெட்டிட்டு மிச்சத்துல ஷூ தைக்கலாம். அங்கங்க நாலு ஓட்டைன்னா, ஷூ அச்சை எங்க வெச்சாலும் ஒரு ஓட்டை உள்ள வந்துடும். எங்க ஷாப்ல இதுக்குப் பேரு ரிஜெக்ட்டு."

வரிசை சிரித்தது. வேலாயுதத்துக்கு அந்தச் சிரிப்பு வலியைக்கூட மறக்கடித்தது. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் தோலைப் பற்றி வேலாயுதம் சொன்னால் அப்துல் வஹாப்பே மறுத்துப் பேச மாட்டார். அப்புறம் மற்றவர்கள் எங்கே பேசப்போகிறார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி ஆம்பூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியது. ஓட்டை ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்திருந்த இரண்டு பேரும் அடுத்த வாரம் வரவில்லை. மிஷின் உறை போட்ட மாதிரியே நின்றது. தோலோடு பிழைக்கிற ஊரில் மட்டும்தான் இப்படி ஒரு காரணத்துக்காக மிஷின் சும்மா நிற்கும்.

அக்டோபர் கடைசியில் வேலாயுதத்துக்கு இன்னொரு தடவை வலி வந்தது. இந்தத் தடவை பிரியாணியும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் தோசை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த தோல் எந்தக் குவியலில் விழுந்தது என்றே தெரியவில்லை. அப்துல் வஹாப் அதைக் கவனித்தார்.

"வேலாயுதம், பொங்கல் முடிஞ்சதும் சரக்கு பாத்து வாங்க பையர் வர்றாரு. உடம்பைப் பாத்துக்கோ. முடியலன்னா சொல்லு, பக்கத்து ஷாப் கிறிஸ்துராஜைக் கொஞ்ச நாளைக்கு உக்கார வெக்கலாம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் கொஞ்ச நாளைக்கு என்று உட்கார்ந்தவன் எழுந்த சரித்திரம் எந்த ஷாப்பிலும் கிடையாது. வேலாயுதம் அந்த மேசைக்கு வந்ததே அப்படித்தான், முன்னாலிருந்தவர் மஞ்சள் காமாலையில் படுத்த இரண்டு மாதத்தில்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார். கூட்டம் கலைகிறவரை வேப்பமரத்தடியில் நின்றிருந்துவிட்டு ஜெபகனியிடம் போய்க் கேட்டார்.

"நீளமா வெட்டினா எத்தினி நாளு?"

"ஆஸ்பத்திரியில எட்டு பத்து நாளு. அப்புறம் மூணு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாது."

"ஓட்டை போட்டா?"

"மூணாவது நாள் வீட்டுக்குப் போலாம். ரெண்டு மூணு வாரத்துல வேலை. அதான் நீங்க ரிஜெக்ட்டுன்னு சொல்லிட்டீங்களே."

ஜெபகனி விடவில்லை. அவருக்கும் ஆம்பூர்தான் ஊர். அவருடைய அப்பா முப்பது வருஷம் ட்ரம் சுற்றியவர்.

"நான் ஒண்ணு கேக்கறேன், நீங்க செலக்ஷன்காரரா பதில் சொல்லுங்க. தோல்ல வயித்துப் பக்கம் ஓட்டை இருந்தா கிரேடு எறக்குவீங்களா?"

"வயித்துப் பக்கமா? அது தொளதொளன்னு இருக்கும் சிஸ்டர். அதை யாரு கணக்குல எடுப்பாங்க. முதுகுதான் கணக்கு."

"இந்த நாலு ஓட்டையும் எங்க இருக்குது?"

வேலாயுதம் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். இருபது வருஷத்தில் அவர் எறிந்த தோலை எடுத்து யாரும் வேறு குவியலில் போட்டதில்லை. இந்தம்மா போட்டுவிட்டார்.

ஓட்டைக்கு அவர் ஒத்துக்கொண்டார், ஆனால் ஊருக்குத் தெரியக்கூடாது. ரிஜெக்ட் என்று தன் வாயால் சொன்னதைத் தன் வயிற்றிலேயே போட்டுக்கொண்டான் என்று தெரிந்தால், நாளைக்கு அவர் ஃபர்ஸ்ட் என்று எறிகிற தோலை எவன் நம்புவான்? ஜெபகனி யோசித்தார்.

"என் வாயிலேர்ந்து வராது. ஆனா ஒரு கண்டிஷன். இனிமே யாராச்சும் வந்து கேட்டா ரிஜெக்ட்டுன்னு சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்" என்றார் வேலாயுதம். அந்த வார்த்தையை அவர் கடைசிவரை காப்பாற்றினார் என்பதுதான் வேடிக்கை.

பத்து இருபது நாள் ஊரில் இல்லாமல் போவதற்கு ஒரு காரணம் வேண்டும். ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தபோது கார்த்திகை பிறந்திருந்தது. சோளிங்கர் மலைக்கு வேண்டுதல், மொட்டை, அப்படியே அரக்கோணத்தில் சம்பூர்ணத்தின் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் தங்கல் என்று ஷாப்பில் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சம்பூர்ணத்திடம் திட்டத்தை விளக்கினார். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"கார்த்திகையில அந்த சாமி கண்ணைத் தொறந்து பாத்துக்கினு இருக்கும். வருஷம் பூரா மூடிக்கினு இருக்குற சாமி. ஒங்களுக்குப் பொய் சொல்ல வேற மாசம் கெடைக்கலியா?"

"கல்லு மாசம் பாத்தா வருது?"

"சரி. இப்போ பொய்க்கு ஒரு மொட்டை. அடுத்த கார்த்திகையில நெஜத்துக்கு ஒரு மொட்டை. அத்தினி படியும் ஏறணும். இப்பவே சாமிகிட்ட சொல்லிட்டேன்."

ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு முன்னால் வயிற்று முடியை மழிக்க வந்தவரிடம், தலையையும் சேர்த்து மழித்துவிடும்படி வேலாயுதம் கேட்டுக்கொண்டார். வந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பித்தப்பை தலையில் இல்லையே என்றார். "வேண்டுதல்" என்றார் வேலாயுதம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க முடியாது.

ஆபரேஷன் இரண்டே முக்கால் மணி நேரம் பிடித்தது. டாக்டர் கோதண்டராமனுக்கு அந்த ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் ஓட்டை ஆபரேஷன். கேமராவைப் பிடிக்க ஜெபகனி. நடுவில் ஒரு தடவை கரண்ட் போய்விட்டது. டிவி இருண்டது. ஜெனரேட்டர் வருகிறவரை டாக்டரும் நர்ஸும் கம்பிகளைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். வெளிச்சம் வந்தபோது டிவியில் பித்தப்பை விட்ட இடத்திலேயே இருந்தது. மறுநாள் வேலாயுதத்தின் கட்டிலண்டை நின்று ஜெபகனியே அதைச் சொன்னார்.

"அமெரிக்காவுல கேமராவ ரோபோ புடிக்குதாம். இங்க நான் புடிச்சேன். ரோபோவுக்கு மூக்கு அரிக்காது, எனக்கு அரிச்சுது. ஆனா கை அசையல."

எடுத்த கல்லைச் சின்ன பாட்டிலில் போட்டு நோயாளியிடம் காட்டுவது அந்த ஆஸ்பத்திரி வழக்கம். பதினோரு கல். வேலாயுதம் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஏழு செகண்டு, நாலு தேர்டு. ஃபர்ஸ்ட் ஒண்ணும் தேறல" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் தையல் வலித்தது. அந்த வலி அவருக்குப் பிடித்திருந்தது. உயிரோடு இருக்கிறோம் என்று சொல்கிற வலி.

அரக்கோணத்தில் மைத்துனி வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு, இருபதாவது நாள் மொட்டைத் தலையும் சந்தனமுமாக மேசைக்குத் திரும்பினார். சம்பூர்ணம் வீட்டிலேயே பொங்கி வைத்த சர்க்கரைப் பொங்கலைப் பிரசாதம் என்று எல்லாருக்கும் கொடுத்தார். மலையில் குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கியதை நடித்துக் காட்டினார். அப்துல் வஹாப் மட்டும் அந்தத் தலையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். அவரும் தோல்காரர்தானே.

"மலை மேல வெயில் கம்மியோ? மண்டை வெயிலே படாத தோலு மாதிரி இருக்குது."

"துண்டு போட்டுக்கினேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு வேலாயுதம் அடுத்த தோலை விரித்தார். பொங்கல் முடிந்து பையர் வந்தார், பார்த்தார், போனார். மேசை காப்பாற்றப்பட்டது. கதை இங்கே முடிந்திருந்தால் வேலாயுதத்துக்கு ரொம்ப சௌகரியம்.

காயப்போடுகிற கொட்டகையில் செண்பகம் என்று ஒருத்தி. ஈரத்தோலைத் தூக்கிக் கம்பில் மாட்டுகிற வேலை. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஓட்டமாக ஓடிவருவாள், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவாள். பிப்ரவரியில் ஒரு நாள் காய்ந்த தோலைக் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் போட்டவள், போட்ட இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தாள். வலது கை விலாவுக்குக் கீழே போனது. வேலாயுதத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கை போகிற இடம் அவருக்குப் பாடம்.

"எத்தினி நாளா?"

"தீபாவளிலேர்ந்துண்ணா. ஸ்கேன் எடுத்தாச்சு. கல்லுதான்."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"சீக்கிரம் எடுத்துடணும், சீழ் புடிச்சா உசுருக்கே ஆபத்துன்றாரு. ஓட்டை போட்டு எடுக்கறேன்னாரு. நான் வேணான்ட்டேன்."

"ஏன்?"

செண்பகம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கேள்வியே அவளுக்குப் புரியவில்லை போலிருந்தது.

"நீதான சொன்ன, ரிஜெக்ட்டுன்னு. அன்னிக்கு வரிசையில நானும் எங்க அம்மாவுக்கு மாத்திரை வாங்க நின்னுக்கினு இருந்தேன். நீளமா வெட்டிக்கலாம்னா மூணு மாசம் வேலை போய்டும். புள்ளைங்கள யாரு பாப்பா? அதான் சீரகத் தண்ணி குடிச்சுக்கினு ஓட்றேன்."

வடக்கு ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மூன்று மாதமாக அந்த வெளிச்சத்துக்கு அடியில் தினம் வந்து போயிருக்கிறாள். தோலில் உண்ணி கடித்த இடத்தைக் கண்டுபிடிக்கிறவர் இதைப் பார்க்கவில்லை. வேலாயுதம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டை ரிஜெக்ட் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஜெபகனிக்குக் கொடுத்த வார்த்தை பங்கமில்லாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. நடித்துக் காட்டிய குரங்கை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது. சம்பூர்ணத்திடம் விஷயத்தைச் சொன்னார்.

"நான் இப்போ நெஜத்தைச் சொன்னா மேசையில எவன் மதிப்பான்?"

சம்பூர்ணம் ரசத்தை ஊற்றினாள். "மேசையை மதிக்கிறவங்க இருக்கட்டும். அந்தப் பொண்ணு செத்துப்போச்சுன்னா அந்த மேசையில போய் எப்படி நிப்பீங்க?"

மறுநாள் காலையில் கொட்டகையிலிருந்து செண்பகம் தோல் கட்டோடு வந்தாள். வேலாயுதம் அவளை நிற்கச் சொன்னார். ட்ரம் ஆட்களையும் கூப்பிட்டார். அப்துல் வஹாப் இன்னும் வரவில்லை என்று நினைத்தார். அவர் பின்னால் வாசற்படியில் நின்றிருந்தார்.

வேலாயுதம் சட்டைப் பட்டன்களைக் கழற்றி, பனியனைத் தூக்கிக்கொண்டு, சாய்வு மேசைமேல் மல்லாக்கப் படுத்துவிட்டார். யாரோ மயக்கம் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினார்கள்.

"செண்பகம், வா. செலக்ஷன் பண்ணு."

"இன்னாண்ணா இது?"

"நான் சோளிங்கருக்கும் போகல, கீளிங்கருக்கும் போகல. அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கோதண்டராமன் டாக்டரு நாலு ஓட்டை போட்டு எடுத்தாரு. இருபதாவது நாள் வேலைக்கு வந்தேன். பையர் வந்தப்போ நின்னது இந்த வயிறுதான். நாலு ஓட்டையும் இதுல இருக்குது, கண்டுபுடி."

செண்பகம் தயங்கினாள். பிறகு, அவர் இருபது வருஷமாகச் செய்வதை அவளும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். விரல் நுனியால் மெதுவாகத் தடவினாள். நெஞ்சுக் குழிக்குக் கீழே ஒன்று. வலது பக்கம் அரிசி நீளத்தில் ஒன்று. அதற்குக் கொஞ்சம் கீழே தள்ளி இன்னொன்று. நாலாவதைத் தேடினாள். ட்ரம் ஆட்களும் தலையை நீட்டித் தேடினார்கள்.

"மூணுதாண்ணா இருக்குது."

"தொப்புள்ள பாரு."

தொப்புளுக்குள் மடிந்து கிடந்த கோட்டைப் பார்த்ததும் செண்பகம் சிரித்துவிட்டாள். அப்புறம் சிரிப்பு அப்படியே அழுகையானது. வலியோடு ஓடிக்கொண்டிருந்த மூன்று மாத அழுகை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கிரேடு சொல்லு" என்றார் வேலாயுதம், படுத்தபடியே.

"செகண்டு."

ட்ரம் ஆட்கள் திடுக்கிட்டார்கள். வேலாயுதம் தலையைத் தூக்கினார்.

"வயித்துப் பக்க ஓட்டைக்கு கிரேடு எறக்கக் கூடாதும்மா."

"ஓட்டைக்கு எறக்கலண்ணா. மூணு மாசமா சொல்லாம இருந்தியே, அதுக்கு."

தீர்ப்பில் ஒரு குறையும் இல்லை என்று வேலாயுதத்துக்கே தெரிந்தது. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, தோலின் மூலையில் நம்பர் போடுகிற மார்க்கரை எடுத்து அவளிடம் கொடுத்து, முதுகைக் காட்டி நின்றார். செண்பகம் சட்டையின் கீழ் ஓரத்தில், தோலில் போடுகிற அதே இடத்தில், '2' என்று போட்டாள். அப்போதுதான் வாசற்படியிலிருந்து அப்துல் வஹாப் பேசினார்.

"அந்த மண்டை அன்னிக்கே சொல்லிச்சு, வேலாயுதம். செண்பகம், நீ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போம்மா. ஒன் கம்பு ஒனக்காகக் காலியா இருக்கும்."

அடுத்த வெள்ளிக்கிழமை செண்பகத்துக்கு ஆபரேஷன். ஜெபகனிதான் கேமரா பிடித்தார். ஒன்றே முக்கால் மணி நேரம், கரண்டும் போகவில்லை. அதற்கடுத்த வாரம் பேர் கொடுக்க ஏழு பேர் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் முதலில் வடக்கு ஜன்னலுக்குப் போய், வேலாயுதத்தின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். மாதக்கணக்கில் அந்தத் தொல்லை இருந்தது. யார் கேட்டாலும் அவர் மறுக்கவில்லை.

'2' போட்ட சட்டையை சம்பூர்ணம் தண்ணீரிலேயே நனைக்கவில்லை, மடித்து உள்ளே வைத்தாள். அடுத்த கார்த்திகையில் சோளிங்கர் அடிவாரத்தில் மொட்டை போட்டு முடித்தவரிடம் அதை எடுத்து நீட்டினாள். மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார், நடக்கவில்லை. அந்தச் சட்டையோடு ஏறினார். செண்பகமும் தன் இரண்டு பெண்களோடு வந்திருந்தாள். கிழவன் மாதிரி ஏறாதே என்று அவள் மேல் படியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே முன்னால் போனாள்.

பாதி மலையில் வேலாயுதம் மூச்சு வாங்க உட்கார்ந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா, சட்டையில் என்ன நம்பர் என்று சம்பூர்ணத்திடம் விசாரித்தாள்.

"செகண்டும்மா" என்றாள் சம்பூர்ணம். கணவரின் மொட்டைத் தலையில் வழிந்த வியர்வையை முந்தானையால் ஒற்றியெடுத்தாள். "நூத்துல எட்டுகூட ஃபர்ஸ்ட் தேறாது. இது நல்ல செகண்டு."